பூக்கும் வரை பெயரில்லை: கான்பெர்ரா உறைபனியில் பதினோரு வாட்டில் கன்றுகள்

2017 செப்டம்பரில் மூன்று விதைப் பொட்டலங்கள் என் கைக்கு வந்தன. ஒன்றின் மேல் அகேசியா ஆப்டுசிஃபோலியா என்றும், அடுத்ததில் அகேசியா மெய்டெனியை என்றும், மூன்றாவதில் அகேசியா ஃப்ளீபோஃபில்லா என்றும் எழுதியிருந்தது. அவற்றிலிருந்து முளைத்து, பிழைத்து, கான்பெர்ராவில் என் வீட்டுக் கொல்லையில் நடப்பட்டவை 11 கன்றுகள். முதல் பொட்டலத்தில் ஆறு, இரண்டாவதில் மூன்று, மூன்றாவதில் இரண்டு. ஐந்து ஆண்டுகளில் அவற்றுக்கு நேர்ந்ததையும், அவற்றின் பெயர்களை நான் எப்படித் தவறாகவும் பிறகு சரியாகவும் கண்டேன் என்பதையும் இங்கே எழுதுகிறேன். தவறான பகுதியைத்தான் அதிகம் விவரிக்கப் போகிறேன். நான் செய்த அதே தவறை இதே மூன்று மரங்களில் பலர் செய்கிறார்கள். அதன் விளைவு ஒருவரின் தோட்டத்தோடு நிற்பதும் இல்லை.

வாட்டில் என்பது ஆஸ்திரேலிய அகேசியாக்களின் பொதுப்பெயர். ஆயிரம் இனங்கள் அளவுக்கு இருக்கின்றன. நீலகிரிக்காரர்கள் சீகை என்று சொல்லும் மரம் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். நம்மூர்க் கருவேலமும் ஒரு காலத்தில் அகேசியாவாகவே இருந்தது. 2005 வியன்னா தாவரவியல் மாநாட்டில் அகேசியா என்ற பெயரை ஆஸ்திரேலியக் கூட்டத்துக்கே விடுவது என்று முடிவாகி, 2011 மெல்பர்ன் மாநாட்டில் அது உறுதியானது. கருவேலம் வாச்செலியா என்ற பெயருக்குப் போய்விட்டது.

இந்த மூன்று மரங்களை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மனநிலையை மாற்றும் டிஎம்டி என்ற பொருள் இருப்பதாகப் பேர் வாங்கியவை இவை. 1965-இல் ஃபிட்ஸ்ஜெரால்டு, சியூமிஸ் என்ற இரு வேதியியலாளர்கள் மெய்டெனியை மரப்பட்டையில் அதைக் கண்டார்கள். 1967-இல் ரோவெல்லியும் வாகனும் ஃப்ளீபோஃபில்லாவில் கண்டார்கள். ஆஸ்திரேலியாவில் அந்தப் பொருள் தடைசெய்யப்பட்டது. எனக்கு அதில் நாட்டமும் இல்லை. என்னை இந்த மரங்களிடம் இழுத்தது ஒரு மலைநடையின் போது பார்த்த காட்சி. ஆளுயரத்துக்குப் பட்டை சுற்றிலும் உரிக்கப்பட்டு, நின்றபடியே காய்ந்துபோன ஒரு வாட்டில். பட்டையைச் சுற்றி உரித்தால் மரம் சாகும். இலையில் உண்டாகும் உணவு வேருக்கு இறங்கும் பாதை பட்டையின் உட்புறத்தில்தான் இருக்கிறது. அந்த மரத்தின் இலைகளைப் புரட்டிப் பார்த்தேன். உரித்தவர் தேடிய இனம்தானா அது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் இன்று நினைக்கிறேன். விதை போட்டு, முளையிலிருந்து நெற்று வரை பார்த்தால் தெரிந்துவிடும் என்று தொடங்கினேன்.

இடம்

கான்பெர்ரா கடலிலிருந்து உள்ளே தள்ளி, ஏறத்தாழ 580 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். ஜூலையில் சராசரி இரவு வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். விமான நிலையத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி, 1971 ஜூலையில். அதே நிலையத்தின் உச்சம் 44 டிகிரி, 2020 ஜனவரி 4. அந்த நாளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆண்டு மழை 600 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அதுவும் வருகிற ஆண்டில்தான். என் கொல்லையில் மேல்மண் ஒரு சாண். அதன் கீழே களிமண். கோடையில் செங்கல், குளிர்காலத்தில் சேறு.

மூன்று மரங்களின் சொந்த ஊரை இதோடு ஒப்பிட்டாலே பாதிக் கதை விளங்கும். மெய்டெனியை கிழக்குக் கரையோர மழைக்காட்டு விளிம்பில் வளர்வது. உறைபனி அதற்குப் பழக்கமில்லை. ஆப்டுசிஃபோலியா நியூ சவுத் வேல்ஸ் மணற்பாறைப் பகுதிகளிலும் மேட்டுநிலங்களிலும் வருவதால் குளிரைத் தாங்கும், ஆனால் நீர் வடியும் மண் வேண்டும். ஃப்ளீபோஃபில்லாவோ உலகத்திலேயே ஒரு மலையில்தான் இயற்கையாக இருக்கிறது. விக்டோரியா மாநிலத்தின் மவுண்ட் பஃபலோ. கருங்கல் பீடபூமி, உச்சி 1,723 மீட்டர், குளிர்காலத்தில் பனி மூடும். அப்படியானால் கான்பெர்ராக் குளிர் அதற்கு ஒரு பொருட்டே இல்லையே என்று நினைத்தேன். குளிரைப் பற்றி நான் நினைத்தது சரி. கோடையைக் கணக்கில் எடுக்கவில்லை.

விதையிலிருந்து

வாட்டில் விதையின் தோல் கல் மாதிரி. காட்டில் தீ வந்து சூடுபடுத்தும் வரை அது மண்ணுக்குள் பல ஆண்டுகள் தூங்கும். தீக்குப் பதிலாகக் கொதிக்கும் நீரை விதைமேல் ஊற்றி, அப்படியே ஆறவிட்டு, ஓர் இரவு ஊறவைத்தேன். காலையில் ஊதிப் பெருத்தவற்றை விதைத்தேன். ஊதாதவற்றுக்கு மறுபடி வெந்நீர். மெய்டெனியையும் ஆப்டுசிஃபோலியா என்று எழுதியிருந்ததும் இரண்டு வாரத்தில் தலைகாட்டின. ஃப்ளீபோஃபில்லாவில் ஐந்து முளைத்து, மூன்று அழுகிப்போயின. தரையோடு தண்டு கறுத்து மடிந்து விழும் நாற்றழுகல். கலவையில் மக்கு அதிகம், காற்றோட்டம் குறைவு, தவறு என்னுடையதுதான். மிஞ்சிய இரண்டைக் கருங்கல் மணல் பாதிக்கு மேல் கலந்த கலவைக்கு மாற்றியதும் தேறின. எல்லாத் தொட்டிகளிலும், ஏற்கெனவே நின்ற ஒரு வாட்டிலின் காலடி மண்ணில் ஒரு பிடி சேர்த்தேன். வேர் முடிச்சில் குடியேறி நைட்ரஜன் பிடித்துத் தரும் பாக்டீரியாவுக்காக.

முதல் சில மாதங்கள் 11 கன்றுகளும் ஒரே அச்சு. எல்லாவற்றிலும் தொட்டாற்சிணுங்கி போன்ற இறகிலைகள். இந்த மரங்களின் பெரிய இலை என்று நாம் பார்ப்பது உண்மையில் இலையே இல்லை, தட்டையாகிப்போன இலைக்காம்பு. தாவரவியலில் ஃபில்லோடு என்பார்கள். அந்த மாற்றம் கண்முன்னே நடப்பதைப் பார்ப்பது அவ்வளவு அழகு. முதலில் முழு இறகிலை. அடுத்ததில் காம்பு கொஞ்சம் அகலும். அதற்கடுத்ததில் காம்பு கத்தி போல நீண்டு, நுனியில் மட்டும் இரண்டு இணுக்கு இறகிலை ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு ஒருநாள் அந்த இணுக்கும் இல்லாமல் வெறும் காம்பு மட்டும் வரும், இனி வாழ்நாள் முழுக்க அதுதான். இந்தப் பருவம் முடியும்வரை நாற்றைக் காட்டி யாராவது இனத்தின் பெயர் சொன்னால் நம்ப வேண்டாம். தொட்டியில் குத்தியிருக்கும் சீட்டைப் படித்துத்தான் அவர் சொல்கிறார்.

2018 குளிர்காலத்தைக் கன்றுகள் தொட்டியிலேயே, வடக்குப் பார்த்த கூரைத் தாழ்வாரத்தின் கீழ் கழித்தன. தென்கோளத்தில் வெயில் வடக்கிலிருந்து வரும். இந்த ஊரில் தக்காளி நாற்றைக்கூட மெல்பர்ன் கோப்பைப் பந்தயம் நடக்கும் நவம்பர் முதல் செவ்வாய்க்கு முன் நட மாட்டார்கள். நானும் அந்த வாரம் கழித்துத்தான் தரையில் நட்டேன். ஃப்ளீபோஃபில்லா இரண்டுக்கும் முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டி, கருங்கல் பொடி நிரப்பினேன். மற்றவற்றுக்கு ஒரு சாண் மேடு. முதல் பொட்டலத்தின் ஐந்தை வேலியோரமாகத் திறந்த சரிவில் வைத்தேன். அதன் ஆறாவது கன்று மெலிந்து கிடந்ததால், மிஞ்சிய இடமான கொட்டகையின் பின்புறம் வைத்துவிட்டு மறந்துபோனேன்.

2019 குளிர்காலம்: சிவப்பு விளிம்பு

உறைபனி எப்படி விழுகிறது என்பதை அந்த ஆண்டுதான் சரியாகப் படித்தேன். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் நிலத்தின் சூடு வானத்துக்குப் போய்விடும்; குளிர்ந்த காற்று கனமானதால் தண்ணீர் போலச் சரிவில் இறங்கித் தாழ்ந்த இடத்தில் தேங்கும். என் வேலி அந்தக் காற்றுக்கு அணை கட்டியிருந்தது. தாழ்வாரத்துக்குக் கீழே மைனஸ் 2 காட்டிய இரவில் வேலியோரத்தில் வைத்த வெப்பமானி மைனஸ் 6 காட்டியது. இருபதடி தூரத்தில் இந்த வித்தியாசம். வேலியின் கீழ்ப்பலகை இரண்டைக் கழற்றிய பிறகு காற்று வெளியே வடிந்து, நிலைமை ஓரளவு சீரானது. பனித்துணி போர்த்தியதைவிட இது நன்றாக வேலைசெய்தது.

மெய்டெனியை மூன்றும் அடிவாங்கின. இளந்தளிர் வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கியது. கிழக்கு வெயில் நேராக விழும் இரண்டு அதிகமாகக் கெட்டன. உறைந்த திசு மெதுவாக உருகினால் பிழைக்க வாய்ப்பு உண்டு. விடிந்ததும் வெயில் சுள்ளென்று பட்டால் செல்கள் தாங்காது. கருகிய கிளைகளை உடனே வெட்டிவிடத் தோன்றும். வெட்டக் கூடாது. அவை கீழே உள்ள மொட்டுகளுக்குப் போர்வை. வசந்தம் முடியும்வரை விட்டுவைத்தேன்.

முதல் பொட்டலத்தின் ஐந்து கன்றுகளும் அதே இடத்தில் கருகாமல் நின்றன. ஆனால் ஃபில்லோடுகளின் ஓரம் முழுக்கச் சிவந்தது.

இங்கேதான் நான் வழுக்கினேன். ஆப்டுசிஃபோலியாவின் நெருங்கிய சொந்தம் லாங்கிஃபோலியா. இலையளவில் இரண்டையும் பிரிப்பது கடினம்: இரண்டுக்கும் நீளவாக்கில் தெளிவாக ஓடும் சில நரம்புகள், இரண்டுக்கும் தோல் போன்ற தடிமன், இரண்டுக்கும் பூ கதிர் வடிவில். நீளம், அகலம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழும். பிரிக்க உதவும் முக்கிய அடையாளம் விளிம்பு. ஆப்டுசிஃபோலியாவின் விளிம்பில் பிசின் படிந்திருக்கும், பெரும்பாலும் செந்நிறமாக. ‘சிவந்த விளிம்பு’ என்று மனதில் பதித்திருந்த எனக்கு, ஐந்து கன்றுகளிலும் சிவந்த விளிம்பைப் பார்த்ததும் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. மேற்கு ஆஸ்திரேலியத் தாவரவியலாளர் புரூஸ் மாஸ்லின் முன்னின்று உருவாக்கிய ‘வாட்டில்’ என்ற கணினி அடையாளத் திறவுகோலில், அதாவது செடியின் அடையாளங்களைக் கொடுத்தால் இனத்தின் பெயரைக் காட்டும் மென்பொருளில், விவரங்களைப் போட்டேன். விளிம்பு என்ற இடத்தில் ‘பிசினுள்ளது’ என்பதைத் தேர்ந்தேன். அது ஆப்டுசிஃபோலியாவைக் காட்டியது. காட்டாமல் என்ன செய்யும்? பிசின் இருக்கிறது என்று அதற்குச் சொன்னவன் நான்தானே. பொட்டலத்திலும் அந்தப் பெயர், திறவுகோலிலும் அந்தப் பெயர். ஐந்துக்கும் அலுமினியச் சீட்டில் பெயர் பொறித்துக் கட்டினேன்.

பக்கத்துத் தெருவில் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்றவர், பல ஆண்டுகளாக ஆஸ்திரேலியச் செடிகளை வளர்ப்பவர். கூட்டிவந்து காட்டினேன். ஓர் இலையைக் கிள்ளி விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தார்.

“தம்பி, சிவப்பு இருக்குது, சரி. பிசின் எங்க?”

“விளிம்புதான் அண்ணை, பாருங்க, பளபளன்னு இருக்கு.”

“இந்தக் குளிருக்கு என்ர வீட்டு வாட்டில் எல்லாமே சிவந்துதான் நிக்குது. கொஞ்சம் பொறும். பூக்கட்டும், பிறகு பேர் வைப்பம்.”

அவர் போன பிறகும் நான் சீட்டுகளைக் கழற்றவில்லை. திறவுகோலையே அவருக்கு மேலாக நம்பினேன். அவர் சொன்னது முழுக்கச் சரி. குளிரும் வெயிலும் சேர்ந்து தாக்கும்போது பல செடிகள் இலையில் ஆந்தோசயனின் என்ற செந்நிறமியைச் சேர்க்கும். விளிம்பில் அது முதலில் தெரியும். பத்து மடங்கு லென்சில் பார்த்தால் வித்தியாசம் உண்டு. குளிர்ச்சிவப்பு என்பது திசுவுக்குள்ளே ஊறிய சாயம், மங்கலாக உள்நோக்கிக் கரையும். பிசின் விளிம்பு என்பது ஓரத்தில் தடித்து ஓடும் தனிக்கோடு, அரக்கு பூசிய மாதிரி. குளிர்ச்சிவப்பு வசந்தத் தளிரில் இருக்காது. பிசின் கோடு எல்லாப் பருவத்திலும் இருக்கும். அக்டோபரில் புதுத்தளிர் பச்சை விளிம்போடு வந்தது. அப்போதே விழித்திருக்க வேண்டும். ‘தளிர்தானே, முற்றினால் சிவக்கும்’ என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

2020 ஜனவரி

அந்தக் கோடையைக் கான்பெர்ராவில் இருந்த யாரும் மறக்கமாட்டார்கள். சுற்றிலும் காட்டுத்தீ, வாரக்கணக்கில் புகை. ஜனவரி 4 அன்று 44 டிகிரி. ஜனவரி 20 அன்று கோல்ஃப் பந்து அளவு ஆலங்கட்டி.

ஃப்ளீபோஃபில்லாவில் ஒன்று 4-ஆம் தேதியே போய்விட்டது. காலையில் நிமிர்ந்து நின்றது, மாலையில் இலைகள் சாம்பல் நிறமாகச் சுருண்டன. தண்ணீர் விட்டிருந்தேன், மண் ஈரமாகவே இருந்தது. கையை உள்ளே விட்டுப் பார்த்தால் கருங்கல் பொடி அடுப்புச்சாம்பல் மாதிரிச் சுட்டது. நீர் வடியட்டும் என்று உயர்த்திக் கட்டிய மேடு பக்கவாட்டில் முழுக்க வெயில் வாங்கி, வேரை வேகவைத்துவிட்டது. பஃபலோ மலையில் இந்தச் செடியின் வேர் பாறை இடுக்கில் போகும், எந்தக் கோடையிலும் பாறைக்கடியில் குளிர்ச்சி இருக்கும். வடிகால் பற்றி மட்டும் யோசித்து, வேரின் குளிர்ச்சியை நான் விட்டுவிட்டேன். மிஞ்சிய ஒன்றின் மேட்டைச் சுற்றி அன்றிரவே கனமான கற்களை அடுக்கி, மேலே சருகு போர்த்தினேன். அது பிழைத்தது.

ஆலங்கட்டி மற்ற எல்லாவற்றின் மேற்பக்கப் பட்டையையும் கிழித்துப் போட்டது. வேலியோர ஐந்தும் முக்கால்வாசி இலையிழந்து, பிப்ரவரி மழைக்கு ஆறே வாரத்தில் மறுபடி அடர்ந்தன. அந்த வேகத்தைப் பார்த்து மகிழ்ந்தேன். களையாக மாறக்கூடிய ஒரு செடியின் வேகம் அது என்று உறைக்கவில்லை.

பூ

2020 மே மாதம் வேலியோர ஐந்திலும் இலைக்கக்கங்களில் மொட்டுக்கதிர்கள் திரண்டன. ஆகஸ்டில் விரிந்தன. நல்ல அடர்மஞ்சள்.

ஆப்டுசிஃபோலியா கோடையில் பூப்பது. டிசம்பர், ஜனவரி அதன் காலம். பூவும் வெளிர்மஞ்சள், சிலவற்றில் ஏறக்குறைய வெண்மை. குளிர்காலக் கடைசியில் அடர்மஞ்சளாகக் கதிர் விட்டால் அது லாங்கிஃபோலியா. இங்கே விவாதத்துக்கு இடமில்லை. அன்று மாலை ஐந்து சீட்டுகளையும் கழற்றினேன். அண்ணரிடம் ஒரு கிளையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தேநீர் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த ஆண்டு இன்னொரு சாட்சியும் வந்தது. பூமொட்டு வர வேண்டிய இடங்களில் பச்சைத் திராட்சை மாதிரி உருண்டைகள். டிரைக்கிலோகாஸ்டர் என்ற சின்னக் குளவி மொட்டில் முட்டையிட்டு உண்டாக்கும் வீக்கம் அது. லாங்கிஃபோலியா அதன் விருப்பமான வீடு. தென்னாப்பிரிக்காவில் லாங்கிஃபோலியா நதிக்கரைகளையும் மலைச்சரிவுகளையும் மூடிப் பெரும் களையானபோது, 1980-களின் தொடக்கத்தில் இந்தக் குளவியைத்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுபோய் விட்டார்கள். போர்ச்சுகலும் 2015-இல் அதே வழிக்குப் போனது. குளவியை மட்டும் வைத்து இனத்தை முடிவுகட்ட மாட்டேன். பூக்காலத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது அதற்கு எடை உண்டு.

இந்தப் பெயர்க்குழப்பம் ஏன் எனக்கு இவ்வளவு பெரிதாகப் படுகிறது என்று சொல்கிறேன். ஆப்டுசிஃபோலியா என்ற பெயருக்கு விதைச் சந்தையில் தேவை இருக்கிறது, காரணம் அதன் வேதியியல். அந்தப் பெயரில் லாங்கிஃபோலியா கைமாறுகிறது. வாங்கியவர் தமக்கு அரிய செடி கிடைத்ததாக நினைத்து, நெற்று முற்றியதும் நண்பர்களுக்கு விதை தருகிறார். 2019-இல் நானே நான்கு பேருக்கு ‘காய்த்ததும் தருகிறேன்’ என்று வாக்குக் கொடுத்திருந்தேன். கான்பெர்ராவுக்கு இது புதுக் கதையும் இல்லை. கூடமண்ட்ரா வாட்டிலின் சொந்த ஊர் இங்கிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம்தான். தோட்டத்துக்குக் கொண்டுவந்த அது இன்று இந்த ஊர்க் குன்றுகளில் களை. ஆஸ்திரேலிய மரம்தானே என்பது ஒரு சமாதானமே ஆகாது.

மறுபக்கமும் உண்டு. பெயரை நம்பிப் பட்டையை உரிப்பவர், இலையைப் பறித்து உட்கொள்ளத் துணிபவர். அகேசியா ஜார்ஜினே என்ற உள்நாட்டு இனத்தில் ஃபுளோரோஅசிடேட் இருக்கிறது. நரிக்கும் முயலுக்கும் வைக்கும் 1080 என்ற நஞ்சின் மூலப்பொருள் அதுதான். மேய்ந்த மாடுகள் செத்திருக்கின்றன. ஒரே இனத்துக்குள்கூட மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் வேதிப்பொருள் மாறும். அதனால் வேதியியலை வைத்து இனத்தையும் சொல்ல முடியாது, இனத்தை வைத்து ஒரு மரத்துக்குள் என்ன இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. 2011-இல் இப்படிப்பட்ட பொருள்கள் உள்ள செடிகளையே தடைப்பட்டியலில் சேர்க்கும் யோசனை ஒன்று பேச்சுக்கு வந்தபோது தோட்டக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். எது எந்த மரம் என்று சொல்லத் தடுமாறும் இடத்தில் மரத்தைத் தடைசெய்வது எப்படி முடியும்?

ஆறாம் எண்

2021 டிசம்பர் கடைசியில் கொட்டகைக்குப் பின்னால் ஏணி எடுக்கப் போனேன். மறந்துபோன ஆறாவது கன்று தோளுயரம் வளர்ந்திருந்தது. கிளைகளில் மொட்டுக்கதிர்கள்.

லென்சை எடுத்துவந்து முட்டிபோட்டு உட்கார்ந்தேன். விளிம்பில் அந்தக் கோடு இருந்தது. தடித்த, அரக்கு பூசிய, விட்டுப்போகாத கோடு. கோடையின் நடுவில், உறைபனி என்ற பேச்சுக்கே இடமில்லாத நாளில். நுனி மழுங்கல். ஜனவரி இரண்டாம் வாரம் பூ விரிந்தது, வெண்ணெய் நிறத்தில். பொட்டலம் முழுப்பொய் இல்லை. அது ஒரு கலவை. ஆறில் ஒன்று நிஜம், அதுவும் நான் மெலிந்தது என்று ஒதுக்கிவைத்த ஒன்று. இரண்டு இனங்களும் சேர்ந்து வளரும் இடத்தில், கலந்து கிடந்த நெற்றுகளிலிருந்து யாரோ பொறுக்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். சீட்டை இந்தத் தடவை பூவும் நெற்றும் பார்த்த பிறகுதான் கட்டினேன்.

இன்னொன்று கவனித்தேன். அந்த இடம் உறைபனிக்கு மறைவு. கொட்டகைச் சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில் விடுகிறது. மூன்று குளிர்காலத்திலும் அதன் விளிம்பின் நிறம் மாறவே இல்லையென்றால், தோட்டத்தில் ஒப்பிடச் சரியான கன்று 2019-லேயே என்னிடம் இருந்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது: ஒரு பொட்டலத்து விதைகளை ஒரே இடத்தில் வைப்பதில்லை. குறைந்தது இரண்டு இடம், ஒன்று வெட்டவெளி, ஒன்று மறைவு. இரண்டிலும் மாறாமல் நிற்கும் அடையாளத்தைத்தான் கணக்கில் எடுக்கிறேன்.

மற்ற இரண்டும்

மெய்டெனியையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கருகிய மூன்றில் ஒன்று அடியிலிருந்து மறுபடி துளிர்த்து, ஒவ்வொரு குளிர்காலமும் தலை கருகி, புதராகவே நிற்கிறது. மெல்லிய, வளைந்த ஃபில்லோடு. நெருக்கமான நுண்நரம்புகளுக்கு நடுவே மூன்று மட்டும் எடுப்பாகத் தெரிகின்றன. மெய்டெனியைக்குப் பொருந்துகிறது. சுருண்டு முறுக்கிய நெற்று அதன் உறுதியான அடையாளம். அதை இந்தச் செடி இன்னும் காட்டவில்லை. இந்த ஊரில் இதை நட வேண்டாம் என்றுதான் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.

ஃப்ளீபோஃபில்லாவோடு என் உறவு வேறு மாதிரி. அகன்ற, இரண்டு பக்கமும் சமமில்லாத, அலையலையான ஓரம் கொண்ட ஃபில்லோடு. மேலே வலை பின்னியது போல் எழும்பி நிற்கும் நரம்புகள், கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே தெரியும். மற்ற வாட்டில்களோடு இதைக் குழப்புவது கடினம். 2003-இலும் 2006-இலும் பஃபலோ மலை எரிந்தது. தீக்குப் பிறகு விதை முளைக்கும், ஆனால் அந்த நாற்றுகள் பூத்து விதை போடுவதற்குள் அடுத்த தீ வந்தால் மண்ணில் சேமிப்புக் கரையும். மலைக்கு வெளியே இதற்கு வேறு வீடு கிடையாது. அந்த நிலையில், இலைக்காகவே ஆட்கள் மலையேறி இதன் கிளைகளை ஒடித்துப் போகிறார்கள் என்பது எனக்குத் தாங்க முடியாத விஷயம். தேசியப் பூங்காவிலிருந்து ஒரு விதைகூட அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாது. நான் வாங்கியது வளர்ப்பு மரத்து விதை என்று விற்றவர் சொன்னார். அதை அப்போது கேட்டதோடு நிறுத்தாமல் சரிபார்த்திருக்க வேண்டும். இனி வாங்குவதாக இல்லை.

2020 வசந்தம் முதல் மூன்று ஆண்டு, பசிபிக் கடல் குளிர்ந்து ஆஸ்திரேலியாவில் மழையைக் கூட்டும் லா நினா. 2022 வசந்தத்தில் என் களிமண் வாரக்கணக்கில் நீர் கோத்து நின்றது. லாங்கிஃபோலியா ஒன்று வேரழுகிச் சாய்ந்தது. கற்கள் அடுக்கிய மேட்டில் ஃப்ளீபோஃபில்லாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

லாங்கிஃபோலியாக்களில் மிஞ்சிய நான்கில் மூன்றை, அந்த ஆண்டு நெற்று வெடிப்பதற்கு முன்பே வெட்டி எடுத்தேன். அடியில் விழுந்து கிடந்த பழைய விதை இன்னும் பல ஆண்டுகள் முளைக்கும் என்பதால் அந்த இடத்தை மாதம் ஒருமுறை பார்த்துக் களைகிறேன். ஒன்றை மட்டும் வைத்திருக்கிறேன், நெற்றைப் பச்சையிலேயே பறித்துவிடுவேன். ஆறாம் எண்ணின் ஒரு கிளையையும் இதன் ஒரு கிளையையும் ஜூலையில் ஒன்றாகக் கையில் கொடுத்தால், வருகிறவர்களுக்கு விளிம்பின் வித்தியாசத்தை விளக்கத் தேவையில்லை. வாக்குக் கொடுத்த நான்கு பேருக்கும் நடந்ததைச் சொல்லிவிட்டேன். இரண்டு பேருக்கு ஆறாம் எண்ணின் விதை கொடுத்திருக்கிறேன், பூக்கும் வரை பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லி.

ஃப்ளீபோஃபில்லா இப்போது இடுப்புயரம். இன்னும் பூக்கவில்லை. அதன் சீட்டில் விதைத்த தேதியும் ஒரு கேள்விக்குறியும் மட்டும் இருக்கின்றன.